கதவில் தொங்கிய அட்டை

என் கணவருக்கு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் வேலை கிடைத்து, நானும் மகளும் கிளம்பியபோது, திண்டுக்கல்லில் எல்லோரும் குளிரைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். ஸ்வெட்டர், கம்பளி சாக்ஸ், ரசப்பொடி என்று பெட்டி நிறையக் கட்டிக் கொண்டு போனேன். ஆனால் என்னை அழ வைத்தது குளிர் இல்லை, ஒரு அட்டை.

நாங்கள் குடியேறியது மாடிக்கு இரண்டு வீடு உள்ள கட்டடம். எதிர் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி தனியாக இருந்தார். வந்த புதிதில் படியில் பார்த்தால் அவரே முந்திக் கொண்டு வணக்கம் சொல்வார். இரண்டாவது வாரம் எங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு அட்டை தொங்கியது. ஏதோ விளம்பரம் என்று நினைத்து, கழற்றி செருப்பு அலமாரி மேல் போட்டு விட்டேன்.

அதன் பிறகு பாட்டி என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக் கொண்டார். "நம்ம நிறம்தான் இவங்களுக்குப் பிடிக்கலை" என்று நானே முடிவு கட்டிக் கொண்டேன். இவர் ஆபீசுக்கும் மகள் பள்ளிக்கும் போனதும் தனியாக உட்கார்ந்து அழுவேன். ஊருக்கே திரும்பி விடலாம் என்று ராத்திரி இவரிடம் சண்டை. விமான டிக்கெட் விலை கூட விசாரித்தாகி விட்டது.

அப்போதுதான் வீட்டுச் சொந்தக்காரரிடம் இருந்து கடிதம் வந்தது. ஆபீஸ் நண்பரிடம் காட்டி இவர் படித்து வந்தார். அந்த அட்டையில் இருந்தது 'கேர்வோகெ', அதாவது பெருக்கும் வாரம். அட்டை யார் வீட்டில் தொங்குகிறதோ, அந்த வாரம் படிக்கட்டைப் பெருக்கித் துடைப்பது அவர்கள் முறை. முடித்ததும் எதிர் வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். நான்தான் அட்டையையே ஒளித்து வைத்து விட்டேனே! ஐந்து வாரமாக எங்கள் பங்கையும் அந்தப் பாட்டியே மூட்டு வலியோடு துடைத்திருக்கிறார்.

வாடகை ஒப்பந்தத்திலேயே இது இருக்கிறதாம். ஜெர்மன் மொழியில் பக்கம் பக்கமாக இருந்ததை, படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார் இவர். (சீட்டுக் கம்பெனி தாளை மட்டும் மூன்று தடவை படிப்பார்!) ஸ்டுட்கார்ட் பக்கத்தில் இது பழைய வழக்கம். 1492-ம் ஆண்டு நகரச் சட்டத்திலேயே, அவரவர் குப்பையை அவரவரே வாரந்தோறும் அகற்ற வேண்டும் என்று எழுதி வைத்தார்களாம். படிக்கட்டு சின்ன முறை. வெளியே நடைபாதை பெரிய முறை. பனி கொட்டினால் அதையும் தள்ள வேண்டும்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரில் மாடிப்படி பெருக்க ஒரு அம்மா வருவார், மாதம் பணம் கொடுப்போம். "நான் என்ன வேலைக்காரியா?" என்று கத்தினேன். அந்தச் சனிக்கிழமை ஜன்னல் வழியாகப் பார்த்தால், மேல் வீட்டுப் பல் டாக்டர் நடைபாதையைக் கூட்டிக் கொண்டிருக்கிறார்! என் வாய் அடைத்துப் போயிற்று.

அன்றே படியைத் துடைத்தேன். ஒரு டப்பா முறுக்கோடு பாட்டி வீட்டு மணியை அடித்து, மனப்பாடம் செய்திருந்த 'மன்னிக்கவும்' என்ற ஒரு வார்த்தையைச் சொன்னேன். பாட்டி ஒன்றும் பேசாமல் வெளியே வந்து, கைப்பிடிச் சுவரில் விரலைத் தேய்த்து, தூசியை எனக்குக் காட்டினார். பிறகுதான் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார்.

அன்றிலிருந்து எனக்கு அவர்தான் வாத்தியார். குளிருக்குப் பயந்து நான் ஜன்னல் இடுக்கில் எல்லாம் துணி திணித்து வைத்திருந்தேன். இட்லி ஆவியும் குக்கர் ஆவியும் வெளியே போக வழியில்லாமல், கட்டிலுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. மகள் இருமிக் கொண்டே இருந்தாள். காலையும் மாலையும் ஐந்து, பத்து நிமிடம் ஜன்னலை அகலத் திறக்க வேண்டும், பனிக் காலத்திலும் கூட என்று செய்து காட்டினார். சுவரைச் சுத்தம் செய்து, இப்படியே பழகியதும் இருமல் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது என்பதால், இட்லி மாவை சனிக்கிழமையே அரைத்து விடுகிறேன்.

"ஜெர்மனி போயும் துடைப்பமா?" என்று அம்மா போனில் சிரிக்கிறாள். இந்தப் பொங்கலுக்கு, பாட்டியிடம் கேட்டுக் கொண்டு, கதவுக்கு வெளியே சின்னதாக மாக்கோலம் போட்டேன். அந்த வாரம் அட்டை அவர் வீட்டில். கோலத்தைச் சுற்றி மட்டும் துடைத்து விட்டு, இதை எப்போது அழிக்கலாம் என்று கேட்க மணியடித்தார் பாட்டி.

- ஒரு வாசகி, ஸ்டுட்கார்ட், ஜெர்மனி