முத்திரை போகிறது, போர்டிங் பாஸைத் தொலைக்காதீர்கள்

ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கோடையில் கிளம்பும் பெற்றோரின் கடிதங்களில் இரண்டு கேள்விகளே திரும்பத் திரும்ப வருகின்றன. ஐந்து வருட விசா இருந்தால் எத்தனை நாள் தங்கலாம்? புதிய இ.இ.எஸ். முறை நம்மை என்ன செய்யும்?

ஷெங்கன் பகுதியின் 29 நாடுகளுக்குள் குறுகிய காலத்துக்கு வந்துபோகும் வெளிநாட்டவரின் முகப் படத்தையும், வந்த நாள், போன நாளையும் கணினியில் ஏற்றும் பதிவேடுதான் இ.இ.எஸ். 2025 அக்டோபர் 12-ல் தொடங்கிய இந்த முறை, 2026 ஏப்ரல் 10-க்குள் எல்லா வெளி எல்லைகளிலும் முழுமையாக வர வேண்டும் என்பது கெடு. எல்லையில் வேலை விரைவாக முடியும் என்கிறது ஐரோப்பிய ஆணையம். பயணி புரிந்துகொள்ள வேண்டியது வேறு: நாள் கடந்து தங்குபவரைத் தானாகக் கண்டுபிடிக்கும் கருவி இது.

அந்தக் கருவி எண்ணும் விதம் இப்படி. எந்த நாளிலும், அன்றையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாட்களைப் பார்க்கும். அதற்குள் நீங்கள் ஷெங்கனில் இருந்தது 90 நாட்களைத் தாண்டக் கூடாது. இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் கணக்கில் சேரும். மார்ச் 1-ல் ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி மே 29-ல் கிளம்பினால் 90 முடிந்தது. ஜூலையில் பாரிஸில் மகளுக்குப் பிரசவம் என்றாலும் அந்த விசாவில் நுழைய முடியாது. மார்ச் 1 கணக்கிலிருந்து உதிர்வது ஆகஸ்ட் 28-ல்; அன்றுதான் மறுபடி நுழையலாம். ஜனவரி பிறந்தால் கணக்கு புதிதாகாது. ஆஸ்திரியாவிலிருந்து இத்தாலிக்குப் போனாலும் புதிதாகாது. ஐந்து வருட விசாவுக்கும் இதே கணக்குதான். விசாவில் தங்கும் நாட்கள் 30 என்று இருந்தால், கடைசித் தேதி எவ்வளவு தள்ளி இருந்தாலும் 30 மட்டுமே.

என்னை உறுத்துவது இனிமேல் வருவது. இதுவரை பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரை நமக்கும் சாட்சியாக இருந்தது. முறை முழுமையானதும் அது நின்றுவிடும். நம் வரவும் போக்கும் அவர்கள் கணினியில் மட்டும் இருக்கும். வெளியேறும்போது பதிவு விடுபட்டுப் போனால், நாம் சென்னையில் இருந்தாலும் கணினிக்கு நாம் இன்னும் ஐரோப்பாவில்தான். நாள் கடந்ததும் பெயர் தானாகப் பட்டியலில் ஏறும். வழக்கமாக மூன்று ஆண்டுகள் இருக்கும் பதிவு, வெளியேறிய பதிவு இல்லாதவருக்கு ஐந்து ஆண்டுகள் இருக்கும். அடுத்த விசா கேட்கும்போது அதிகாரி அதைப் பார்ப்பார். பிழையைத் திருத்தக் கேட்கும் உரிமை சட்டத்தில் உண்டு. ஆனால் ஆதாரத்தைத் தேடிக் கொடுக்கும் பாரம் பயணியின் தலையில். எழுபது வயதுப் பெற்றோர் மீது இதைச் சுமத்துவது நியாயமில்லை.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

மறுபடி கைரேகையா? விசாவுக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். புதிதாக எடுப்பது முகப் படம்.

இ.இ.எஸ். பதிவுக்குக் கட்டணம்? இல்லை. கேட்கும் ஏஜென்டை நம்பாதீர்கள்.

அயர்லாந்து, சைப்ரஸ்? இந்த முறையில் இல்லை.

பிள்ளைகளுக்கு நெய், பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை? எடுத்துப் போகாதீர்கள். பால் பொருட்களுக்குத் தடை. இலைக்குத் தாவர நலச் சான்று வேண்டும்.

மாத்திரைகள்? மருந்தின் மூலப்பெயர் உள்ள ஆங்கிலச் சீட்டோடு, பெட்டியைப் பிரிக்காமல்.

காப்பீடு? குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு.

தேவாலயங்களில்? தோளும் முழங்காலும் மறைய வேண்டும். சிஸ்டைன் சேப்பலில் படம் எடுக்கக் கூடாது.

ஜெர்மனியில் ஞாயிறு? பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஓசை எழுப்பும் வீட்டு வேலைகளைத் தவிர்க்க வேண்டும்.

நுழையும்போது எத்தனை நாள் தங்கலாம் என்று அதிகாரியிடம் கேளுங்கள். சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. திரும்பியதும் போர்டிங் பாஸ், டிக்கெட், இந்திய முத்திரை விழுந்த பக்கம் மூன்றையும் படமெடுத்து, அடுத்த விசா கைக்கு வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.