ஜோங்கா வாங்குகிறீர்களா? பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், பிரேக்கைப் பாருங்கள்

மலைச்சரிவில் காபி, மிளகு, ஏலக்காய் பயிரிடும் விவசாயிகளுக்கு, விளைவிப்பதைவிட விளைந்ததைச் சாலைக்குக் கொண்டு வருவதுதான் பெரும்பாடு. டிராக்டர் ஏறாத சரிவு, லோடு ஆட்டோ திரும்ப முடியாத வளைவு, ஒரு மழை பெய்தாலே வழுக்கும் மண்பாதை. இந்த நிலையில் யாராவது ஒருவர், "மிலிட்டரி ஜோங்கா ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எந்த மேட்டிலும் ஏறும்" என்று சொன்னால் ஆசை வருவது இயல்பே.

அப்படி ஆசைப்பட்டு வாங்கிய ஒருவரின் காபித் தோட்டத்துக்குக் கடந்த அறுவடையின்போது போயிருந்தேன். வண்டி புது பெயின்ட்டில் பளபளத்தது. புது டயர், புது சீட். எட்டு மூட்டை காபியை ஏற்றிக்கொண்டு இறங்கியபோது, மூன்றாவது வளைவில் பிரேக் பெடல் அடிவரை போய்விட்டது. முதல் கியரில் வந்ததாலும், ஒரு பக்கம் மண்மேடு இருந்ததாலும் வண்டியை அதில் உரசி நிறுத்திவிட்டார். யாருக்கும் காயமில்லை. மறுபக்கம் பள்ளம். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது வீல் சிலிண்டர் ஒழுகி, லைனிங் முழுவதும் நனைந்திருந்தது. மேல்பூச்சுக்குச் செலவழித்த பணத்தில் சிறு பகுதி போதும், அந்தச் சிலிண்டரை முன்பே மாற்றியிருக்கலாம்.

பழைய ராணுவ வண்டியை வாங்க நினைப்பவர்களும், ஏற்கெனவே வைத்திருப்பவர்களும் எதை முதலில் செய்ய வேண்டும், எதைக் கடைசியில் செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஜோங்கா என்றால் என்ன?

ஜப்பானின் நிசான் நிறுவனத்தின் பேட்ரோல் 60 வரிசை வண்டியை, உரிமம் பெற்று நம் ராணுவத்துக்காக ஜபல்பூரில் தயாரித்தார்கள். 'ஜபல்பூர் ஆர்டினன்ஸ் அண்ட் கன்கேரேஜ் அசெம்பிளி' என்பதன் சுருக்கமே ஜோங்கா. 1960களில் தொடங்கிய தயாரிப்பு 1990களின் இறுதியில் நின்றுவிட்டது. ஆறு சிலிண்டர், ஏறக்குறைய 4 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் எஞ்சின், நான்கு சக்கர இயக்கம், கமான் பட்டைகள், கனமான இரும்புச் சட்டம் ஆகியவை இதன் பலம். ராணுவம் கழித்த வண்டிகள் ஏலத்தில் வெளியே வந்தன. அவற்றில் சில மலைத்தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தன.

முதலில் கணக்குப் போடுங்கள்

பெட்ரோல் எஞ்சினுடன் இருக்கும் ஜோங்காவுக்கு லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் கிலோமீட்டருக்கு 20 ரூபாய். நாளுக்கு 20 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓடினால் எரிபொருளுக்கு மட்டும் 10,000 ரூபாய். சமவெளியில் தார்ச்சாலை ஓரம் நிலம் வைத்திருப்பவருக்கு இது தேவையில்லாத செலவு. வேறு எந்த வண்டியும் ஏறாத பாதையில், அறுவடை, உரம் வைக்கும் காலங்களில் மட்டும் ஓட்டுபவருக்குக் கணக்கு சரிப்பட்டு வரலாம்.

செலவைக் குறைக்கப் பலர் டீசல் எஞ்சினை மாற்றி வைத்திருக்கிறார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியோடு மாற்றி, ஆர்.சி.யில் பதிவு செய்திருந்தால் மட்டுமே அது செல்லும். பதிவில் பெட்ரோல், வண்டியில் டீசல் என்றிருந்தால் வாங்காதீர்கள். விபத்து நடந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும்.

ஆவணங்களைச் சரிபாருங்கள்

சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணும், எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். துருவைச் சுரண்டி, எண்ணை நீங்களே படியுங்கள். ஏலத்தில் எடுத்து இன்னும் பதிவு செய்யாத வண்டி என்றால், ராணுவம் கொடுத்த விற்பனை ஆவணம் அசலாக இருக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

2021இல் வந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்து அசல் வடிவம் மாறாமல் இருக்கும் வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். ஆனால், அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட வேலைக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. தோட்ட வேலைக்கு வைத்திருப்பவர்கள் அந்தப் பதிவுக்குப் போக வேண்டாம். அதேபோல, ராணுவப் பச்சை நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது. அழகுக்காக அந்த நிறத்தை அடித்தால் அபராதம் வரும்.

எந்த வரிசையில் புதுப்பிப்பது?

நிலத்தைச் சீர்ப்படுத்தாமல் விதைப்பதில்லை. வண்டிக்கும் அப்படியே. சட்டம், பிரேக், ஸ்டியரிங், குளிர்விப்பு, எரிபொருள் குழாய், எஞ்சின், மின்சாரம், கடைசியில் பெயின்ட் என்பதுதான் சரியான வரிசை.

சட்டத்தை ஒரு சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டங்' என்ற ஓசை மாறி மந்தமாகக் கேட்கும் இடத்தில் துரு தின்றிருக்கும். கமான் பட்டையைத் தாங்கும் பிடிகள், ஸ்டியரிங் பெட்டி பொருந்தும் இடம் ஆகியவற்றில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கிங் பின் அல்லது பேரிங் தேய்ந்திருக்கும்.

பிரேக்: ஒழுகினால் நான்கும் போகும்

இக்கால வண்டிகளில் பிரேக் குழாய்கள் இரண்டு சுற்றுகளாக இருக்கும். ஒன்று ஒழுகினாலும் மற்றொன்று பிடிக்கும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஒரே சுற்றுதான். ஒரு சக்கரத்தில் ஒழுகினாலும் நான்கும் பிடிக்காமல் போகும்.

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை அழுத்தி, ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். பெடல் மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்துவிட்டது. நான்கு டிரம்களையும் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் மாற்றுங்கள். எண்ணெயில் ஊறிய லைனிங்கைத் துடைத்துத் திரும்பப் போடாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீர் கலந்த ஆயில் நீண்ட இறக்கத்தில் சூடாகிக் கொதிக்கும், பெடல் பஞ்சாகிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். எஞ்சின் ஆயிலையோ மண்ணெண்ணெயையோ அதில் ஒரு சொட்டுகூட விடக் கூடாது. ரப்பர் ஊதிவிடும்.

கைபிரேக் பின்சக்கரங்களைப் பிடிக்கிறதா, புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஷாஃப்டைப் பிடிக்கும் வகையென்றால், சரிவில் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கியதும் கைபிரேக் பயனற்றுப் போய் வண்டி உருளும். சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுக்காமல் தூக்காதீர்கள்.

தண்ணீரும் பெட்ரோலும்

ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர் சொட்டுநீர்க் குழாயை எப்படி அடைக்கிறதோ, அப்படியே ரேடியேட்டரையும் அடைக்கும். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சமபங்கு கலந்து ஊற்றுங்கள். மேட்டில் மெதுவாக ஏறும்போதுதான் எஞ்சின் அதிகம் சூடாகும். ஃபேன் பெல்ட், ஹோஸ் ஒவ்வொன்றிலும் கூடுதலாக ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. கரும்பு, மக்காச்சோள விவசாயிகளுக்கு அது நல்ல செய்தி. ஆனால் பழைய வண்டியின் ரப்பர் குழாய்களும் கார்புரேட்டர் வாஷர்களும் எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. அவை ஊதி, வெடித்து, சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டக்கூடும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் டேங்க் உள்ளே துரு பிடிக்கும். பருவம் முடிந்ததும் பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது.

உதிரி பாகம் கிடைக்குமா?

தயாரிப்பு நின்றுபோன வண்டி என்பதால் எல்லாம் கடையில் கிடைக்காது. ஆனால் பேரிங்கின் மேல் எண் இருக்கும், அந்த எண்ணைச் சொன்னால் பேரிங் கடையில் கிடைக்கும். ஆயில் சீலை உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் அளந்து வாங்கலாம். பிரேக் லைனிங்கைப் புதிதாக ஒட்டித் தருவார்கள். ரேடியேட்டருக்குப் புதுக் கோர் போடலாம். கழற்றும்போதே எண்களையும் அளவுகளையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை மெக்கானிக் மாறினாலும் அந்த நோட்டு கைகொடுக்கும்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை

நான்கு சக்கர இயக்கத்தைச் சேறு, மணல், மண்சரிவில் மட்டும் போடுங்கள். உலர்ந்த தார்ச்சாலையில் போட்டு ஓட்டினால், வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் போக முயன்று கியரை முறுக்கும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். டிரம் சூடாகிப் பிடிப்பு குறையும். குறைந்த கியரில் போட்டு எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்குங்கள். ஓடையைக் கடந்ததும் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக நாலைந்து முறை அழுத்தி, லைனிங்கை உலர்த்துங்கள். ஆழமான நீரில் இறங்கியிருந்தால் கியர் ஆயிலைப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது, உடனே மாற்றுங்கள்.

ஒன்றரை டன்னுக்கும் மேல் எடையுள்ள வண்டி இது. ஈர மண்ணில் பயிர் வரிசைக்குள் ஓட்டினால் மண் இறுகி வேர் இறங்காது. ஒரே தடத்தை ஒதுக்கி, அதிலேயே ஓட்டுங்கள்.

உரம் ஏற்றியதும் கழுவுங்கள். மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் ஏறக்குறைய பாதி குளோரைடு. கடல் உப்பைப் போலவே அது இரும்பைத் தின்னும். கோழி எருவிலிருந்து வரும் அம்மோனியா, ரேடியேட்டரின் செம்பு, பித்தளையையும் மின்கம்பி இணைப்புகளையும் அரிக்கும். தார்ப்பாய் விரித்து ஏற்றி, அன்றே தண்ணீர் அடித்துவிட்டால் சட்டத்தின் ஆயுள் கூடும்.

பராமரிப்பு அட்டவணை

தினமும்: பிரேக் ஆயில், எஞ்சின் ஆயில், கூலன்ட் அளவு, வண்டி நின்ற இடத்தில் சொட்டு இருக்கிறதா என்ற பார்வை.

வாரம் ஒருமுறை: சக்கர நட்டு, கமான் பட்டையின் யூ போல்ட் இறுக்கம், கிரீஸ் நிப்பிள்கள் அனைத்துக்கும் கிரீஸ்.

அறுவடைக்கு முன்: நான்கு டிரம்களையும் கழற்றிப் பிரேக் சோதனை, ஸ்டியரிங் இணைப்புகள், கியர், ஆக்சில் ஆயில் சோதனை.

ஆட்களை ஏற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும். பழம் பறிக்க வரும் பெண்களை மூட்டை மேல் உட்காரவைத்துக் கூட்டிப்போகும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. சீட் இருக்கும் எண்ணிக்கைக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்றாதீர்கள். சுமை தனி நடை, ஆட்கள் தனி நடையாகப் போகட்டும். அதற்கு ஆகும் கூடுதல் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டாது.

அந்தக் காபி விவசாயி இப்போது வண்டியை வெளுத்த பெயின்ட்டோடுதான் ஓட்டுகிறார், இந்த ஆண்டு பணம் முழுவதும் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் போய்விட்டது. நீங்களும் வண்டி பார்க்கப் போகும்போது, விற்பவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்டுவார். நீங்கள் ஒரு சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.