ஏற்காடு மலைக்குக் கார் ஓட்டுவோரே, உஷார்! வீல் நட்டை மிதித்து இறுக்கலாமா?

சேலம் அடிவாரத்தில் இருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மே மாதம் கோடை விழா வந்துவிட்டால் கார்கள் சாரை சாரையாக ஏறும். ஏறுவதை விட இறங்குவதுதான் ஆபத்து. ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடிக்க வேண்டும். சக்கரம் பக்கவாட்டில் இழுபடும். அந்தப் பாரம் முழுவதையும் தாங்குவது நாலைந்து நட்டுகள்தான்!

வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியை மாட்டுகிறார்கள். "நல்லா கிச்சுன்னு இறுக்கு" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் வீல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று ஒரு மிதி மிதிக்கிறார். அடிக்கடி பார்க்கும் காட்சி இது.

இது சரியா?

கணக்குப் பார்ப்போம். ஸ்பேனரின் நீளம் 1 அடி. மிதிப்பவரின் எடை 60 கிலோ. நட்டின் மேல் விழும் முறுக்கு விசை சுமார் 180 நியூட்டன் மீட்டர். ஆனால் சிறிய கார்களுக்குத் தேவையானது பொதுவாக 85 முதல் 110 வரைதான்! ஏறக்குறைய இரண்டு மடங்கு இறுக்கினால் போல்ட்டு இழுபட்டு நீளும். மரை போய்விடும். பிரேக் டிஸ்க் கோணலாகலாம். அடுத்த பஞ்சரில் நட்டைக் கழற்றவே முடியாது.

லூசாக விட்டாலோ இன்னும் மோசம். சக்கரம் ஆடும். ஓட்டை தேய்ந்து பெரிதாகும். போல்ட்டு ஒவ்வொன்றாக ஒடியும். கடைசியில் சக்கரமே கழன்று ஓடும்!

"டிக்" சத்தம்

இதற்காகவே இருக்கிறது டார்க் ரென்ச். காருக்குரிய அளவு கம்பெனி கொடுத்த புத்தகத்தில் இருக்கும். அந்த அளவை ரென்ச்சில் வைக்க வேண்டும். அளவு வந்ததும் "டிக்" என்று சத்தம் வரும். அதோடு நிறுத்திவிட வேண்டும். "எதுக்கும் இன்னொரு தடவை" என்று இழுக்கக் கூடாது.

முறை இதுதான்: மரையில் உள்ள மண், துருவைத் துடைக்கவும். எண்ணெய் தடவக் கூடாது. தடவினால் அதே அளவிலேயே போல்ட்டு அதிகமாக இழுபடும். நட்டுகளை முதலில் கையால் திருகவும். பிறகு வட்டமாக வரிசையில் போகாமல், எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கவும். ஜாக்கியை இறக்கி, டயர் தரையில் பதிந்த பிறகே டார்க் ரென்ச் போட வேண்டும். கைப்பிடியை வெடுக்கென்று இழுக்காமல் நிதானமாக இழுக்கவும்.

நட்டைக் கழற்ற இந்த ரென்ச்சைப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே உள்ள ஸ்பிரிங் தளர்ந்து, ரென்ச் பொய் சொல்லும்!

இறங்கும் முன்...

சக்கரம் மாற்றியபின் 50 முதல் 100 கிலோ மீட்டருக்குள் மறுபடி சோதிப்பது நல்லது. சேலத்தில் டயர் மாற்றி ஏற்காடு போய் வந்தாலே சுமார் 60 கிலோ மீட்டர். ஆனால் வீடு திரும்பட்டும் என்று காத்திருக்கலாமா? கூடாது! இரவு மலையில் தங்குவோர், காலையில் சக்கரம் குளிர்ந்திருக்கும்போதே சோதித்துவிட வேண்டும். 5 நிமிட வேலை.

இறங்கும்போது "டக் டக்" என்று சத்தம் கேட்டாலோ, ஸ்டீயரிங் உதறினாலோ, "அடிவாரத்தில் பார்த்துக்கலாம்" என்று ஓட்டாதீர்கள். வளைவு இல்லாத இடத்தில் ஓரமாக உடனே நிறுத்துங்கள். அந்த நட்டை நம்பித்தான் பின் சீட்டில் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.