முப்பத்திரண்டுக்கு மேலும் கீழும்

முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தான் என்பது நம்மிடையே வழங்கும் பேச்சு. அந்தக் கணக்கு எல்லோர் வாயிலும் சரியாக அமைந்துவிடுவதில்லை. வங்கியில் பெறும் ரூபாய் நோட்டுகளை இருமுறை எண்ணிப் பார்க்கும் நாம், நம் குழந்தைகளின் பற்களை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

2019ஆம் ஆண்டு, வலது கீழ்த்தாடையில் வீக்கத்துடன் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்து வரப்பட்டான். மூன்று வயதிலேயே பெற்றோர் அவ்வீக்கத்தைக் கண்டிருந்தனர். ஆயினும் அப்போது அது சிறிதாக இருந்தது. குழந்தையும் பரிசோதனைக்கு ஒத்துழைக்கவில்லை. அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட, ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள பையினுள் இருந்தவை 526 பற்கள்! கடுகினும் சிறியவையும் அவற்றில் இருந்தன. 2014இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் பதினேழு வயது இளைஞர் ஒருவரின் தாடையிலிருந்து 232 பற்கள் எடுக்கப்பட்டன. பல்லை உருவாக்கும் திசுக்கள் நெறிதவறி வளர்வதால் தோன்றும் இக்கட்டிக்கு ஓடோன்டோமா என்று பெயர். இது புற்றுநோயன்று, முறையாக அகற்றினால் குணமாகிவிடும்.

மிகுதியாக முளைப்பவை

இவை அரிய நிகழ்வுகள். ஓரிரு பற்கள் கூடுதலாக இருப்பதையே நாம் மிகுதியும் காண்கிறோம். மேல்வரிசையின் நடுவிலுள்ள இரு வெட்டுப்பற்களுக்கு இடையே, பெரும்பாலும் கூம்பு வடிவில் தோன்றும் பல்லே இவற்றுள் முதன்மையானது. சில வேளைகளில் அது வெளிவராமல் எலும்புக்குள்ளேயே புதைந்து கிடந்து, முளைக்க வேண்டிய பல்லின் வழியை மறித்துவிடும். ஏழு வயதில் விழுந்த முன்பல் ஒன்பது வயதாகியும் முளைக்காதபோது, "தானே முளைக்கும்" என்று காத்திருப்பது நல்லதன்று.

குறைவாக இருப்பவை

ஞானப்பல் சிலருக்கு உருவாவதே இல்லை, அது நோயன்று. அதற்கு அடுத்தபடியாக, கீழ்வரிசையின் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லும், மேல்வரிசையின் பக்கவாட்டு வெட்டுப்பல்லும் இல்லாமற்போவது உண்டு. பெரும்பாலும் இது பரம்பரையாக வருவது.

பல பற்கள் இல்லாதபோது, சிலருக்குக் குறை வாயோடு நிற்பதில்லை. சிந்துப் பகுதியில் வாழ்ந்த ஓர் இந்துக் குடும்பத்தில், நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்குப் பற்களும் முடியும் மிகக் குறைவாக இருந்ததையும், வெயில் காலத்தில் அவர்கள் வறண்ட தோலால் துன்புற்றதையும் சார்லஸ் டார்வின் பதிவு செய்துள்ளார். பெண்களுக்கு அக்குறை இல்லை. ஆனால் அவர்கள் வழியே அவர்களுடைய மகன்களுக்கு அது சென்றது. பல், முடி, வியர்வைச் சுரப்பி ஆகிய மூன்றும் கருவில் ஒரே படலத்திலிருந்து உருவாவதே இதற்குக் காரணம். வியர்வை சுரக்காத குழந்தையின் உடல் வெப்பம் கோடையில் ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும். எனவே, பல் முளைக்காத குழந்தைக்கு அடிக்கடி காரணமின்றிக் காய்ச்சலும் வந்தால், அதை மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

நாம் வைக்க வேண்டிய கணக்கு

மூன்று வயதுக்குள் இருபது பால்பற்கள். ஆறு வயதையொட்டி முதல் நிலைப்பல். பதின்மூன்று வயதளவில் இருபத்தெட்டுப் பற்கள். இதுவே பொதுவான கணக்கு. சில மாதங்கள் முன்பின் ஆவது இயல்பே. ஆனால், ஒரு பக்கம் முளைத்த பல்லின் இணை, மறுபக்கம் ஆறு மாதமாகியும் வரவில்லையென்றால் பல் மருத்துவரை நாட வேண்டும். ஓர் எக்ஸ்ரே படமே பெரும்பாலும் உண்மையைக் காட்டிவிடும். விழாத பால்பல்லை அவசரப்பட்டுப் பிடுங்குவதும் தவறு. அடியில் நிலைப்பல் இல்லையெனில், அந்தப் பால்பல்லே பல ஆண்டுகள் நமக்கு உழைக்கும்.

கூடுதல் பல்லை உரிய வயதில் அகற்றிவிட்டால், மற்றப் பற்கள் தம் இடத்துக்கு வர வழி பிறக்கும். இல்லாத பல்லுக்கு, வளரும் பருவத்தில் கழற்றி மாட்டும் செயற்கைப் பல்லும், தாடை வளர்ச்சி நிறைவுற்றபின் எலும்பில் பொருத்தும் பல்லும் உள்ளன. பல்லை மீண்டும் முளைக்கச் செய்யும் மருந்தொன்றை ஜப்பானின் கியோட்டோவில் 2024இல் மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கினர்.

அந்த மருந்து வரும்போது வரட்டும். இன்றிரவு பல் துலக்கும் வேளையில் குழந்தையை வாய் திறக்கச் சொல்லி, மேலும் கீழும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். இரண்டு நிமிடம் போதும்.