குடியேறினோரும் மருத்துவக் காப்பீடும்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்று பேசிப் பழகியவன் நான். ஒரு நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளைப் பற்றிய பாடத்தின்போது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, வேறு நாட்டிலிருந்து வந்தவனுடைய நோய்க்கு அந்நாட்டார் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?" என்று வினவினான். நான் விடை கூறுமுன் மணி அடித்துவிட்டது. அன்று விட்டதை இன்று சொல்ல முயல்கிறேன்.

அந்நாட்டில் மருத்துவச் செலவு மிகுதி. காப்பீடு இல்லாதவன் நோயுற்றால் கடனாளியாவதும் உண்டு. ஆகவே 1965ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்ஸன், முதியோர்க்கு மெடிகேர், வறியோர்க்கு மெடிக்கெய்டு என்னும் இரு திட்டங்களைச் சட்டமாக்கினார். ஆனால் 1996ஆம் ஆண்டுச் சட்டம், முறைப்படி குடியேறியவர்களிலும் பலர் மெடிக்கெய்டு பெற ஐந்தாண்டு காத்திருக்க வேண்டுமென விதித்தது. 2010ஆம் ஆண்டுச் சீர்திருத்தமோ, உரிய அனுமதியின்றி வாழ்வோர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தாலும் புதிய காப்பீட்டுச் சந்தையில் காப்பீடு வாங்கவொண்ணாது என்று தடுத்தது.

இத்தடையைக் குறை கூறியவர்களுள் அந்நாட்டுக் கத்தோலிக்க ஆயர்களும் இருந்தனர். கருக்கலைப்புப் பற்றிய விதிகளை முன்னிட்டு அவர்கள் அச்சட்டத்தையே எதிர்த்தார்கள். கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கமோ அதனை ஆதரித்தது. வழியைப் பற்றி வேற்றுமை இருப்பினும், குடியேறினோர்க்கும் காப்பீடு வேண்டும் என்பதில் இரு சாராரும் ஒத்திருந்தனர்.

இக்கொள்கையின் வேர் யாது? மருத்துவ உதவி பெறுவது மனிதனுடைய உரிமை என்று 1963ஆம் ஆண்டில் இருபத்து மூன்றாம் அருளப்பர் என்ற போப்பாண்டவர் தம் சுற்றுமடலில் எழுதினார். குடிமகனின் உரிமை என்று அவர் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். அதற்கும் முன்னரே இதனைச் செயலில் காட்டியவர் கப்ரீனி அம்மையார். இத்தாலியக் கன்னியாஸ்திரீயாகிய அவர் 1889இல் நியூயார்க் நகரை அடைந்து, தம் நாட்டிலிருந்து வந்த ஏழைகளுக்காக 1892இல் மருத்துவமனை நிறுவினார். 1946இல் அவர் புனிதராக அறிவிக்கப்பெற்றார்.

"செலவுக்கு எங்கே போவது?" என்பார் பலர். அக்கேள்வி நியாயமானதே. கலிபோர்னியா மாநிலம் படிப்படியாக விரிவுபடுத்தி, 2024இல் அனுமதி இல்லாதவர்களுள் எல்லா வயதினர்க்கும் திட்டத்தைத் திறந்தது. பின்னர் பணநெருக்கடியால், 2026 ஜனவரி முதல் அத்தகைய வயதுவந்தோரைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்த நேர்ந்தது. ஆயினும் மறுப்பதற்கும் விலை உண்டு. அவசர நோயாளியைக் கவனியாது திருப்பியனுப்பலாகாது என்பது 1986ஆம் ஆண்டுச் சட்டம். மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் கொண்டு அடக்கி வைக்கத்தக்க நீரிழிவு, கவனிப்பாரின்றி முற்றிச் சிறுநீரகத்தைக் கெடுத்த பின்னர் மருத்துவமனை வாயிலுக்கு வருகிறது. அப்போது செலவு பன்மடங்காகிறது, உயிருக்கும் உறுதியில்லை.

இவற்றை எண்ணியே, கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அந்த ஐந்தாண்டுக் காத்திருப்பை நீக்க மாநிலங்களுக்கு 2009இல் இடமளிக்கப்பட்டது.

மாணவர்களே, வந்தவன் யார் என்று விசாரிப்பது அரசின் கடமை. அவனுக்கு என்ன நோய் என்று விசாரிப்பது மருத்துவரின் கடமை. முதல் விசாரணை முடியும்வரை இரண்டாவதை நிறுத்தி வைக்கலாமா? அன்று கேட்ட மாணவனுக்கு என் விடை, 'கூடாது' என்பதே. செலவைப் பகிரும் வழியை ஆராய்வதோ உங்களைப் போன்றோர் பொறுப்பு.