உங்களுக்குத் தெரியுமா? – ராட் செர்லிங்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடிகர்களுக்கு இணையாக ஒரு கதாசிரியரின் முகமும் குரலும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன என்றால், அவை ராட் செர்லிங்கினுடையவைதான். ‘தி ட்வைலைட் ஸோன்’ என்ற விந்தைக் கதைத் தொடரை உருவாக்கியவர். எழுத்துக்காக 6 எம்மி விருதுகள் வாங்கியவர்.

1924 கிறிஸ்துமஸ் அன்று நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் பிறந்து, பிங்ஹாம்டன் என்ற நகரில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு ராணுவத்தில் சேர்ந்தார். ஐந்தடி நான்கு அங்குல உயரம்தான். ஆனால் போய்ச் சேர்ந்தது பாராசூட் படையில்!

இரண்டாம் உலகப் போரின்போது பிலிப்பைன்ஸின் லெய்தே தீவில் இவருடைய படை உணவில்லாமல் தவித்தது. விமானத்திலிருந்து உணவுப் பெட்டிகளைப் போட்டார்கள். அதில் ஒன்று இவருடைய நெருங்கிய நண்பர் மேலேயே விழுந்தது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. எதிரியின் குண்டு அல்ல, பசியாற்ற வந்த பெட்டி! செர்லிங்கும் மணிக்கட்டிலும் முழங்காலிலும் காயத்தோடுதான் ஊர் திரும்பினார். போர்க்களக் கனவுகள் கடைசிவரை அவரைத் தூங்கவிடவில்லை. சாவு எந்தத் திசையிலிருந்து வரும் என்றே தெரியாத அவருடைய கதைகளுக்கு விதை இங்கே விழுந்தது என்பது என் எண்ணம்.

ஓஹியோவின் ஆன்டியாக் கல்லூரியில் படித்தபோது கைச்செலவுக்கு என்ன செய்தார் தெரியுமா? புது பாராசூட்டுகளைச் சோதித்துப் பார்க்க விமானத்திலிருந்து குதித்தார். ஒரு குதிக்கு 50 டாலர்.

ஆரம்பத்தில் அனுப்பிய கதைகள் எல்லாம் திரும்பி வந்தன. ஒன்றிரண்டு அல்ல, தொடர்ந்து 40 நிராகரிப்புகள். 1955 ஜனவரியில் ‘பேட்டர்ன்ஸ்’ என்ற தொலைக்காட்சி நாடகம் ஒளிபரப்பானதும் நிலைமை ஒரே ராத்திரியில் மாறியது. ஒரு பெரிய கம்பெனியில் வயதான அதிகாரியை ஓரங்கட்டும் கதை. நேயர்கள் அதை மறுபடி ஒளிபரப்பச் சொல்லிக் கேட்டார்கள். அது நேரலை நாடகங்களின் காலம். அதனால் நடிகர்கள் அடுத்த மாதம் திரும்பவும் கூடி, முழு நாடகத்தையும் மறுபடி நடித்தார்கள்.

ராணுவத்தில் இருந்தபோது குத்துச்சண்டையிலும் இறங்கி மூக்கை உடைத்துக்கொண்டவர் அவர். மேடையிலிருந்து தூக்கி எறியப்பட்ட ஒரு குத்துச்சண்டை வீரரைப் பற்றி 1956-ல் எழுதிய ‘ரெக்வியம் ஃபார் எ ஹெவிவெயிட்’ எம்மி விருதை வாங்கித் தந்தது.

அவர் வாழ்க்கையில் முக்கியமான சண்டை ஸ்பான்சர்களோடு நடந்ததுதான். 1955-ல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் அடித்துச் சுட்டுக் கொன்றார்கள். வழக்கில் கொலையாளிகள் விடுதலையானார்கள். கொதித்துப்போன செர்லிங் ‘நூன் ஆன் டூம்ஸ்டே’ நாடகத்தை எழுதினார். அது டில் வழக்கை வைத்து எழுதியது என்ற விஷயம் வெளியே கசிந்தது. தென்மாநில வெள்ளையர் அமைப்புகளின் எதிர்ப்புக்கு ஸ்பான்சர் பயந்தார். கதை நடக்கும் இடம் வடகிழக்குக்கு மாறியது. கொலையானவர் பெயரில்லாத ஓர் அந்நியர் ஆனார். தெற்கை ஞாபகப்படுத்துகிறது என்று சொல்லி கோகோ கோலா பாட்டிலைக்கூட எடுத்துவிட்டார்கள்! 1958-ல் அதே கொடுமையை ‘எ டவுன் ஹேஸ் டர்ன்டு டு டஸ்ட்’ நாடகத்தில் மறுபடி தொட்டார். அதையும் முந்தைய நூற்றாண்டுக்குத் தள்ளி, சிறுவனை மெக்சிகோக்காரன் ஆக்கிய பிறகுதான் விட்டார்கள்.

நிகழ்காலத்தைப் பேசவிடாதவர்கள், வேற்றுக்கிரகவாசி பேசினால் கண்டுகொள்ளவில்லை. அந்த வாசலைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். 1959 அக்டோபர் 2 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘தி ட்வைலைட் ஸோன்’ தொடங்கியது. 1964 வரை 156 எபிசோடுகள். அதில் 92 அவரே எழுதியவை. இன்னொருவர் கத்தரி மறுபடி புகுந்துவிடக்கூடாது என்று தயாரிப்பையும் தன் கையில் வைத்துக்கொண்டார். குடும்பத்தோடு கோடை விடுமுறைக்குப் போகும் கயூகா ஏரியின் பெயரைத்தான் தன் தயாரிப்பு நிறுவனத்துக்கு வைத்தார்.

வசனத்தை எழுதமாட்டார், பேசுவார்! டிக்டபோன் கருவியில் ஒவ்வொரு பாத்திரமாகவும் பேசிப் பதிவு செய்வார். உதவியாளர் அதைத் தட்டச்சு செய்வார்.

1968-ல் வெளியான ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ படத்தின் திரைக்கதையாசிரியர்கள் இருவரில் இவர் ஒருவர்.

1969-ல் இவருடைய ‘நைட் கேலரி’ தொடரின் முன்னோட்டப் படத்தில் ஒரு கதையை இயக்கும் வேலை ஓர் இளைஞருக்குக் கிடைத்தது. பெரிய நட்சத்திரமான ஜோன் க்ராஃபர்டை இயக்க வேண்டும். அந்த இளைஞர்தான் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்.

ஓயாத வேலை, ஓயாத சிகரெட். 1975 ஜூன் 28 அன்று, இதய அறுவை சிகிச்சைக்குப் பின் காலமானார். வயது 50தான்.

இவரை இதுவரை பார்க்காதவர்கள், 1960-ல் வந்த ‘தி மான்ஸ்டர்ஸ் ஆர் ட்யூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்’ எபிசோடிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு தெருவில் கரண்ட் போகிறது, அக்கம்பக்கத்தார் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட ஆரம்பிக்கிறார்கள். கறுப்பு வெள்ளை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. வீட்டில் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.