வாலுள்ள நாயகர்கள்

சோளிங்கரின் பெரிய மலையில் யோக நரசிம்மரும் சின்ன மலையில் சங்கு சக்கரம் ஏந்திய நாற்கரத்து யோக ஆஞ்சநேயரும் எழுந்தருளியிருப்பதால், விலங்கையும் மனிதரையும் ஓருருவில் இணைக்கும் இரு வழிகளை அவ்வூரில் ஒருங்கே காணலாம்: முன்னதில் மனித உடல்மீது சிங்கமுகம் அமைகிறது, பின்னதில் உருவம் வானரத்துடையதாக, அமர்ந்திருக்கும் தவநிலை மனிதருடையதாகிறது. அறிவியல் புனைகதைச் சித்திரக்கதைகளிலும் மனிதவயப்படுத்தல், அதாவது விலங்குக்கு மனிதரின் மனமும் பேச்சும் நடையும் அளித்தல், பெரும்பாலும் இவ்விரு வழிகளிலேயே நிகழ்கிறது. லாரி ஹாமாவும் மைக்கேல் கோல்டனும் படைத்த விண்கலத் தலைவன் பக்கி ஓஹேர் முயல்தலை கொண்ட மனித வடிவினன். பில் மான்ட்லோவும் கீத் கிஃபனும் 1976இல் அறிமுகப்படுத்திய ராக்கெட் ரக்கூனோ நிமிர்ந்து நடக்கும் முழு விலங்கு.

ஓவியருக்கு முதற்சவால் கண். மனித விழியின் வெண்பகுதி வெளியே நன்கு தெரிவதால் பார்வை செல்லும் திசை பிறருக்குப் புலனாகிறது. பெரும்பாலான விலங்குகளின் கண்ணில் அது மறைந்திருப்பதால், ஓவியர்கள் வெண்மையைக் கூட்டிப் புருவமும் சேர்த்து உணர்ச்சியை வெளிப்படுத்துகின்றனர். அடுத்தது கை. ரக்கூன் என்னும் அமெரிக்கப் பாலூட்டி, தொடுவுணர்வு மிகுந்த முன்பாதங்களால் நீருக்குள் துழாவி இரை தேடும் இயல்புடையது என்பதால், அதன் வடிவில் வரும் நாயகன் கருவிகளைக் கழற்றிப் பூட்டுவது வாசகருக்கு இயல்பாகவே படுகிறது. விலங்கின் மெய்யான ஆற்றல் நாயகனின் திறமையாக வளராத இடத்தில், அது வெறும் முகமூடியாகவே நின்றுவிடுகிறது.

விலங்கு மனிதத்தன்மை பெற்றது எப்படி என்று, புராணம் கேளாத ஒரு காரணத்தை அறிவியல் புனைகதை கேட்கிறது. 1984இல் கெவின் ஈஸ்ட்மனும் பீட்டர் லெயர்டும் படைத்த நிஞ்ஜா ஆமைகள் ஒரு வேதிப்பொருளால் உருமாறியவை. ராக்கெட்டின் 1985ஆம் ஆண்டுத் தொடரிலோ, மனநோயாளிகளைப் பராமரிக்கும் இயந்திர மனிதர்கள், அந்நோயாளிகளுக்குத் துணையாக விலங்குகளின் மரபணுக்களை, அதாவது உயிரியல்புகளைத் தலைமுறைதோறும் கடத்தும் கூறுகளை, மாற்றியமைக்கின்றனர். பிறர் தேவைக்காகத் தான் ஆக்கப்பட்டவன் என்னும் துயரம் நாயகனின் குணத்திலேயே கலந்துவிடுவதால், இவ்விரண்டாம் காரணமே வலுவானது.

2006இல் விர்ஜின் காமிக்ஸ் வெளியிட்ட, ஷமிக் தாஸ்குப்தா எழுதி அபிஷேக் சிங் வரைந்த ‘ராமாயண் 3392 ஏ.டி.’ இராமகாதையை எதிர்காலத்துக்குப் பெயர்த்தபோது, அதற்கு அனுமன் என்னும் ஆயத்த நாயகன் கிடைத்தான். கடலைத் தாண்டும் வலிமை வெளிப்படுவதற்கு நெடுமுன்பே, முதற்சந்திப்பில் அவன் சொல்வன்மையைக் கேட்டு இராமன் வியப்பதாகவே வான்மீகியும் கம்பரும் அமைத்துள்ளனர்.